பொன்விழாவுக்கு இருநூற்று நாற்பது மூட்டை

மனித குலம் மலையை இரண்டு முறை வென்றிருக்கிறது. முதல் முறை காலால். இரண்டாம் முறை கனவால். அந்த இரண்டாவது வெற்றி, 1939-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இதே இடத்தில், வானில் வட்டமிட்ட ஒரு கழுகைக் கண்ட கணத்தில், ஆம்புரோஸ் விட்லாக் என்னும் தனி மனிதரின் நெஞ்சில் பிறந்தது.

இது வெண்கலத்தில் வார்த்த வாசகம். பலகை ஆளுயரம் இருந்தது. லேடி பெல் மலையடிவாரத்தில், லிஃப்ட் நிலையத்துக்கு வலப்புறம், நாங்கள் கிரீஸ் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்த இடத்தைக் காலி செய்து அதை நட்டிருந்தார்கள். வாசகம் கலிபோர்னியாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் தயாரானது. எழுதியவர் எங்கள் ஐடஹோ மாநிலத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. விட்லாக் டிசம்பரில் கழுகைப் பார்த்தாராம். அதே டிசம்பரில் லிஃப்டும் ஓடியிருக்கிறது. அதாவது காலையில் கழுகு, சாயங்காலம் லிஃப்ட். இந்த வேகத்தில் வேலை நடந்த காலம் ஒன்று இருந்தது என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

என் பெயர் டென்ஸில் ராஸ்கில்லி. வடத்தில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மலைமேல் ஏற்றும் அந்த லிஃப்டுக்கு இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக். பழக்கதோஷத்தில் கிரீஸ் டப்பா எடுக்க அங்கே போகும்போதெல்லாம் அந்தப் பலகையைப் படித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்துகொண்டு திரும்பி வந்தேன்.

உண்மை என்னவென்றால், உலகத்தின் முதல் நாற்காலி லிஃப்டே எங்களுடையது இல்லை. அது இதே ஐடஹோவில் வேறொரு மலையில் மூன்று வருடம் முன்னாலேயே ஓடிவிட்டது. அதை வரைந்த ரயில்வே பொறியாளருக்கும் கழுகு வந்து காதில் எதுவும் சொல்லவில்லை. சூடான தேசத்துத் துறைமுகங்களில் வாழைத்தாரைக் கொக்கியில் மாட்டிக் கப்பலுக்குள் அனுப்பும் ஓடுவடம் அவருக்குப் பழக்கம். கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியைத் தொங்கவிட்டார். தார் இருந்த இடத்தில் பணக்காரன் உட்கார்ந்தான். கனவு அவ்வளவுதான்.

எங்கள் மலையில் வாழைத்தார்கூட இல்லை. இங்கே இருந்தது வெள்ளிச் சுரங்கம். வெட்டிய கல்லை வாளி வாளியாக மேலிருந்து அடிவாரத்துக்கு இறக்க ஓர் இரும்பு வடம் ஓடியது. 1937-ல் வெள்ளி தீர்ந்தது. ஊரில் ஹோட்டல் வைத்திருந்த விட்லாக்குக்கு அறைகள் காலியாகக் கிடந்தன. வேலை போன சுரங்க ஆட்கள் ஆறு பேர் அவரிடம் போய், வாளிகளைக் கழற்றிவிட்டு நாற்காலி மாட்டித் தருகிறோம், பனிச்சறுக்கு ஆட வருகிறவர்களை மேலே ஏற்றலாம் என்றார்கள். ஏதாவது செய்து தொலையுங்கள் என்றார் விட்லாக். அவருடைய பங்கு அந்த ஒரு வாக்கியம். அந்த ஆறு பேரின் பெயரும் பலகையில் இல்லை. கழுகு இருக்கிறது.

வாளி இறங்கும், நாற்காலி ஏறும். மொத்தப் பொறியியலும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கிவிடும். கல் இறங்கும்போது அதன் எடையே வடத்தை இழுத்துக்கொள்ளும். மோட்டாருக்கு அதிக வேலை இல்லை. மனிதனை ஏற்றும்போது அத்தனை எடையும் திரும்பக் கீழே வரத் துடிக்கும். லிஃப்டில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பைன் மரங்களை ரசிக்கிறவர், தான் மேலே போய்க்கொண்டிருப்பதாக நினைக்கிறார். என்னைக் கேட்டால், அவர் விழுவதை நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தள்ளிப்போடுவதற்கு மூன்று தடுப்புகள் உண்டு. மோட்டார் பக்கம் ஒரு பிரேக், தினமும் பயன்படுவது. வடம் சுற்றிவரும் பெரிய சக்கரத்தையே கவ்வும் அவசர பிரேக் இன்னொன்று. மூன்றாவதுக்கு நாங்கள் வைத்த பெயர் நாக்கு. பெரிய சக்கரத்தோடு ஒரு பல்சக்கரம் சுற்றும். அதன்மேல் ஓர் இரும்புத் துண்டு படுத்திருக்கும். சக்கரம் முன்னால் சுற்றினால் பற்களை டக் டக்கென்று தட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். பின்னால் சுற்ற ஆரம்பித்தால் பல்லுக்குள் விழுந்து சக்கரத்தை நிறுத்த வேண்டும். மோட்டார் போய், கரண்ட் போய், இரண்டு பிரேக்கும் கைவிட்டாலும் மனிதரைக் காப்பாற்ற வேண்டியது அந்த நாக்கு. அதுவும் தவறினால் நாற்காலிகள் முதுகுப் பக்கமாக இறங்கத் தொடங்கும், வேகம் பிடிக்கும், அடிவாரத்துச் சக்கரத்தைத் திரும்பும்போது உட்கார்ந்திருப்பவர்களைக் கவண்கல் மாதிரி வீசும். வேறு மலைகளில் வீசியிருக்கிறது. 

வெறும் நாற்காலியை ஓட்டிப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. ஏறும் பக்கம் அறுபது காலி நாற்காலி, இறங்கும் பக்கம் அறுபது காலி நாற்காலி. தராசு சமமாக நிற்கும். ஏறும் பக்கத்தில் எடை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மற்ற மலைகளில் மணல் மூட்டை வைப்பார்கள், தண்ணீர் கேன் வைப்பார்கள். எங்கள் குளிரில் மணல் பாறையாகும், கேன் வெடிக்கும். எங்கள் கோல்டர் கல்ச் ஊரில் வைப்பது உருளைக்கிழங்கு.

நவம்பர் முதல் சனிக்கிழமை கிழங்கு நாள். அறுவடை முடிந்து கிடங்குகள் நிறைந்திருக்கும். நூறு பவுண்டு மூட்டைகள், நாற்காலிக்கு நான்கு. இரண்டு தடித்த மனிதர்கள், அவர்களுடைய பூட்ஸ், அவர்களுடைய கர்வம் எல்லாம் சேர்ந்தாலும் அதைத் தாண்டாது. ஊரே வந்து மூட்டை ஏற்றும். பிரேக்குகளை ஒவ்வொன்றாகச் சோதிப்போம். பிறகு மூட்டைகளை இறக்கிப் பள்ளிக்கூடத்துக்கும் சர்ச்சுக்கும் ஜெயிலுக்கும் அனுப்புவோம். மிச்சத்தை வெங்காயமும், ஸ்பெயின் மலைப்பக்கத்திலிருந்து ஆடு மேய்க்க வந்து குடியேறிய பாஸ்க்குக்காரர்களின் கார சாசேஜும் போட்டு, மண்வெட்டி அகலத்துக்கு இருக்கும் வாணலிகளில் அங்கேயே வறுத்துத் தின்போம். யுத்த வருடங்களில் லிஃப்ட் ஓடவில்லை. கிழங்கு நாள் நடந்தது.

ஐம்பதாவது வருடம் அது நின்றது. நிறுத்தியவர் பிரெஸ்டன் கெய்ல்.

கெய்ல் எங்கள் பொது மேலாளர். இரண்டு வருடம் முன்னால் கலிபோர்னியாக் கம்பெனி ஒன்று மலையை வாங்கியதும் அனுப்பப்பட்டவர். வந்த முதல் நாள் எங்களைக் கூட்டி நிறுத்தி, "என்னை சார்னு கூப்பிடாதீங்க. பிரெஸ்டன்னு கூப்பிடுங்க. இங்க முதலாளி தொழிலாளி கிடையாது, நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார். அப்போது அந்தக் குடும்பத்தில் மூன்று மெக்கானிக்குகள் இருந்தோம். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குள் நான் மட்டும் இருந்தேன்.

பொன்விழாவுக்கு டிசம்பர் பதினாறாம் தேதி குறித்தார். நவம்பர் பிறந்ததும் ஐந்து பேர் வந்து நூற்றிருபது நாற்காலிகளுக்கும் தங்க நிறப் பெயின்ட் அடித்தார்கள். பெயின்ட் காய வேண்டும், அதனால் கிழங்கு நாள் ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அடுத்த வாரம் அதன்மேல் இன்னொரு தாள். மூன்றாவது வாரம் தாளே இல்லை. நான் அவருடைய அறைக்குப் போனேன்.

"பிரெஸ்டன், கிழங்கு நாள் என்னிக்குன்னு சொல்லுங்க. பதினஞ்சாம் தேதிக்குள்ள முடிச்சாகணும்."

"உட்காருங்க டென்ஸில். காபி சாப்பிடறீங்களா?"

"காபி வேணாம். தேதி வேணும்."

அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். "இந்த வருஷம் கிழங்கு இல்ல. நீங்களே யோசிச்சுப் பாருங்க. புதுசா தங்கம் மாதிரி மின்னுது. அதுமேல மண்ணோட மூட்டையை வச்சுத் தேய்ச்சா என்ன ஆகும்? அதை எவனாவது போட்டோ எடுத்துப் பேப்பர்ல போட்டா? மேல 'ஐம்பது வருஷப் பெருமை'ன்னு தலைப்பு, கீழ கிழங்கு மூட்டை."

"சரி, அப்ப எடை சோதனை?"

"அதுக்கும் வழி பண்ணியிருக்கேன்." அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. "விழாவுக்கு எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கோம் தெரியுமா? நூத்தியிருபது. நாற்காலிக்கு ரெண்டு பேரா, எல்லாரும் ஒரே சமயத்துல ஏறப் போறாங்க. உங்களுக்கு எடைதானே வேணும்?"

அந்த வாக்கியம் முடிந்துவிட்டதா, இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது.

"எல்லாருமே நல்லா சாப்பிடற ஆளுங்க" என்றார்.

"மனுஷங்களை ஏத்தி வச்சுக்கிட்டா பிரேக் பிடிக்குதான்னு பார்க்கறது?"

"பிடிக்கத்தானே போகுது. அம்பது வருஷமா பிடிச்சிருக்கே."

"அம்பது வருஷமா சோதிச்சுப் பார்த்தோம். அதனாலதான் பிடிச்சுதுன்னு தெரியும்."

"இதான் டென்ஸில் உங்ககிட்ட. நீங்க எதுலயும் பிரச்சினையைப் பார்க்கறீங்க. நான் வாய்ப்பைப் பார்க்கறேன்."

"காப்பீட்டுக்காரங்களுக்குப் போற தாள்ல எடை சோதனை முடிஞ்சுதுன்னு மெக்கானிக் கையெழுத்து போடணும். நான் போட மாட்டேன்."

"பரவாயில்ல. விருந்தினர் அனுபவப் பிரிவோட துணைத் தலைவர் போடுவார்."

"அவருக்கு லிஃப்டைப் பத்தி என்ன தெரியும்?"

"விருந்தினர் அனுபவம் தெரியும்."

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அறைந்து சாத்தியிருப்பேன், ஆனால் கதவின் மேல் மெதுவாக மூடும் சுருள் ஒன்றை அந்த வருடம்தான் மாட்டியிருந்தார்கள். கோபத்தைக்கூட அவர்கள் வேகத்தில்தான் காட்ட வேண்டியிருந்தது.

அடிவார நிலையத்தில் மைத்தே உர்க்கிடி கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். லிஃப்டை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவள் வேலை. பதினாறு வருட அனுபவம். கெய்ல் சொன்னதைச் சொன்னேன். ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"முதல் நாற்காலியில யார் உட்காரணும்னு உனக்குச் சொன்னானா?"

"இல்லையே."

"நான். 1939-ல சுரங்கக்காரன் பொண்டாட்டி எப்படி இருப்பாளோ அந்த வேஷத்துல. குல்லா, ஏப்ரன், கையில லாந்தர். எங்க ஆளுங்க ஆடு மேய்க்க வந்தவங்கடா, சுரங்கத்துக்குள்ள எட்டிக்கூடப் பார்த்ததில்லன்னேன். 'ஆடு வரலாறு இல்ல'ங்கறான்."

"நீ ஏறாத."

"நான் ஏறலைன்னா வேற எவளாவது ஏறுவா. நீ என்ன பண்ணப் போற? கிரீஸ் டப்பாவைப் பார்த்துத் திட்டிக்கிட்டே இருக்கப் போறியா?"

"கையெழுத்து போடலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அடேயப்பா. மலையே நடுங்கியிருக்கும்." அவள் ரொட்டியை மறுபடி எடுத்தாள். "எங்க அக்கா புருஷன் கிடங்குல எழுநூறு மூட்டை கிடக்குது. லாரி சும்மா நிக்குது. விழா பதினோரு மணிக்கு. நாம ஆறு மணிக்கு ஆரம்பிச்சா?"

"கெய்ல்?"

"அவன்தான் சார்னு கூப்பிட வேணாம்னுட்டானே. அப்புறம் எதுக்குக் கேட்கணும்?"

பதினாறாம் தேதி காலை ஆறு மணிக்கு லாரி வந்தது. கிழங்கு உறைந்துவிடாமல் மேலே கம்பளிகள் போர்த்தியிருந்தன. நான் இரண்டு பேருக்குத்தான் சொல்லியிருந்தேன். நாற்பது பேர் வந்திருந்தார்கள். பள்ளிக்கூட சமையல்காரி, ஜெயில் காவலர், பாதிரியார், வேலை போன என் இரண்டு சக மெக்கானிக்குகள். வந்ததும் மூட்டையில் கை வைத்தார்கள். அவ்வளவு குளிர், அவ்வளவு கோபம். மைத்தே ஒரு நாற்காலி அளவு லிஃப்டை நகர்த்துவாள், நிறுத்துவாள், நான்கு மூட்டைகளை ஏற்றிக் கயிற்றால் கட்டுவோம், அடுத்த நாற்காலி. தங்க நிறம் சாக்கில் ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. அதைப் பார்க்க எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. ஒன்பதரைக்கு இருநூற்று நாற்பது மூட்டைகளும் மலைச்சரிவில் வரிசையாகத் தொங்கின.

ஒன்பது முப்பத்தைந்துக்கு விருந்தாளிகளின் பஸ்கள் வந்தன. போட்டோவுக்காக அவர்களைச் சீக்கிரமே அழைத்து வந்திருந்தார்கள். ரோமக் கோட்டுகள் இறங்கின. பின்னால் ஒரு பேண்டு வாத்தியக் குழு இறங்கியது. அதற்குப் பின்னால் கெய்ல் இறங்கி, நிமிர்ந்து, மலையைப் பார்த்தார்.

என்னிடம் வரும்போது புன்னகை அப்படியே இருந்தது. பல்லுக்கு நடுவில் பேசினார். "டென்ஸில், என்ன இது?"

"குடும்ப விருந்து, பிரெஸ்டன்."

"இப்பவே இறக்குங்க."

"சோதிச்சுட்டு இறக்கறேன். அரை மணி ஆகும்."

அதற்குள் ரோமக் கோட்டு போட்ட ஒரு கனத்த அம்மாள் எங்கள் பக்கம் வந்துவிட்டார். அவர் போய்ஸி நகரத்தில் ஒரு வங்கியின் தலைவர். திருமதி லக்ரோன் என்று பெயர். "இதுவும் நிகழ்ச்சியில இருக்கா மிஸ்டர் கெய்ல்?" என்றார்.

கெய்ல் ஒரு மூச்சு இழுத்தார். அந்த ஒரு மூச்சுக்குள் அவர் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"எங்க பாரம்பரியம் மேடம்" என்றார். "விட்லாக் அவங்களே ஆரம்பிச்சு வச்சது. மண்ணுக்கு நன்றி சொல்ற சடங்கு. அம்பது வருஷத்துல ஒரு தடவைகூட விட்டதில்ல. இந்த வருஷம் உங்க முன்னாடி நடத்தணும்னு நான்தான் பிடிவாதமா இருந்தேன்."

பாதிரியார் கெட்ட வார்த்தை சொன்னது எனக்குக் கேட்டது.

விருந்தாளிகளைச் சக்கரத்துக்கு இந்தப் பக்கம், மஞ்சள் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வைத்தேன். அந்தப் பக்கம் பலகையும், அதன் காலடியில் ஷாம்பெய்ன் மேசையும் மட்டும் இருந்தன. மேசையை எடுக்கச் சொன்னேன். பலகை போட்டோவில் மேசையும் விழ வேண்டும் என்றார் கெய்ல். மேசைக்குத்தானே, இருந்து தொலையட்டும் என்று விட்டேன்.

மைத்தே லிஃப்டை முழு வேகத்தில் ஓட்டினாள். முதல் பிரேக்கைப் போட்டேன். பதினோரு டன் கிழங்கும் ஆடி அசைந்து நின்றது. கைதட்டினார்கள். மறுபடி ஓட்டி அவசர பிரேக்கைப் போட்டேன். நின்றது. கைதட்டினார்கள், குழல் வாசிக்கிறவர் ஒரு சின்ன ஊதல் ஊதினார்.

"அடுத்து நாக்கு" என்றேன். "மைத்தே, அவசர பிரேக் நெம்புகோல்ல கை வச்சுக்க. நான் சொன்னதும் இழு."

"நீ சொல்றவரைக்கும் காத்திருக்க மாட்டேன். வேலையைப் பாரு."

மோட்டார் நின்றிருந்தது. இரண்டு பிரேக்குகளையும் தளர்த்தினேன். இனி நாக்கு ஒன்றுதான். பெரிய சக்கரம் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு பின்னால் சுற்ற ஆரம்பித்தது.

டக்கென்று விழ வேண்டிய நாக்கு விழவில்லை. பல்லின்மேல் சறுக்கிக் கீறும் ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்டதில்லை. மைத்தே இழுத்துவிட்டாள். ஆனால் அத்தனை எடை நகரத் தொடங்கிய பிறகு எந்த பிரேக்கும் அதை உடனே நிறுத்தாது. அடிவாரத்தை ஒட்டியிருந்த முதல் நாற்காலி சக்கரத்தைத் தலைகீழ்த் திசையில் சுற்றி வெளியே வீசியது. கயிறு அறுந்து நான்கு மூட்டைகளும் பறந்தன. இரண்டாவது. மூன்றாவது ஷாம்பெய்ன் மேசையை எடுத்துக்கொண்டு போனது. நான்காவது நாற்காலியின் மூட்டைகள் நேராகப் பலகையில் மோதி வெடித்தன. ஆம்புரோஸ் விட்லாக் மல்லாந்து விழுந்தார். ஐந்து. ஆறாவது நாற்காலி சக்கரத்துக்குப் பத்தடி முன்னால், பைத்தியம் பிடித்த மாதிரி ஆடிக்கொண்டே நின்றது.

யாருக்கும் அடிபடவில்லை. பனியில் கிழங்குகள் உருண்டு விருந்தாளிகளின் பூட்ஸுகளுக்கு நடுவில் வந்து நின்றன.

முதலில் வாயைத் திறந்தவர் கெய்ல். "பயப்பட ஒண்ணுமில்ல. லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. கிழங்கோட வடிவம்தான் இதுக்குக் காரணம். கிழங்கு உருளும், மனுஷங்க உருள மாட்டாங்க."

"மிஸ்டர் கெய்ல்" என்றார் திருமதி லக்ரோன், "எனக்கு எத்தனாவது நாற்காலி ஒதுக்கியிருந்தீங்க?"

கெய்ல் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். அவர் பார்த்திருக்கவே கூடாது. "கீழேயிருந்து நாலாவது, மேடம்."

அந்த அம்மாள் நான்காவது நாற்காலியைப் பார்த்தார். விழுந்து கிடந்த பலகையையும், அதன்மேல் கூழாகிக் கிடந்ததையும் பார்த்தார். திரும்பிப் போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார். 

அப்போது நான் பேசினேன். இரண்டு வருடமாக உள்ளே அடைத்து வைத்திருந்தது அத்தனையும் வந்தது. மூன்று மெக்கானிக் பார்த்த வேலையை ஒருவன் தலையில் கட்டியதைச் சொன்னேன். கிரீஸுக்கு எழுதிக் கேட்டால் பெயின்ட் வந்ததைச் சொன்னேன். "இந்த லிஃப்டைச் செஞ்ச ஆறு பேரோட பேரு இந்தப் பலகையில இல்ல. கழுகு பேரு இருக்கு. இன்னிக்கு உங்க நூத்தியிருபது பேரையும் எடைக்கல்லா வச்சுப் பார்க்கிறதா இருந்தாரு இவரு. நல்லா சாப்பிடற ஆளுங்கன்னு சொன்னாரு. உங்க உயிரைவிட இவருக்கு அந்தப் பெயின்ட் பெரிசு" என்று கத்தினேன். "ஒரு இரும்புத் துண்டை ஒழுங்கா வச்சிருக்கத் துப்பில்ல, கனவாம் கனவு." நாற்பது பேரும் கைதட்டினார்கள். விருந்தாளிகளில் பாதிப் பேர் கைதட்டினார்கள். போட்டோக்காரர் என்னைப் படம் எடுத்தார்.

செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது: 'நூற்றிருபது உயிரைக் காத்த மெக்கானிக்'. ஆறு பிரதி வாங்கினேன். புதன்கிழமை கெய்லைக் கலிபோர்னியாவுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். போகும்போதுகூட எல்லாரிடமும் குடும்பம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாராம். அன்று சாயங்காலம் சர்ச் கூடத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பிறகு மதுக்கடையில் பேசச் சொன்னார்கள். சர்ச்சில் இருபது நிமிடம் பேசினேன். கடையில் ஒரு மணி நேரம். கடையில் பேசும்போது, இப்படி நடக்கும் என்று எனக்கு இரண்டு வருடமாகவே தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"பழைய பலகை நசுங்கிப்போச்சு. புதுசு வைக்கும்போது உன் பேரைப் போடணும்" என்றார் ஜெயில் காவலர்.

"அதெல்லாம் எதுக்கு" என்று, அவருக்குக் கேட்காத குரலில் சொன்னேன்.

"கழுகுக்குப் பக்கத்துல போடச் சொல்லு" என்றாள் மைத்தே.

வியாழக்கிழமை காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். ஹோலிஸ் ஃபெரோ என்று பெயர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். காபி வேண்டாம் என்றார். நிலையத்துக்கு அழைத்துப் போனேன். மைத்தேயும் கூட வந்தாள். இரண்டு மெக்கானிக்குகளைக் கம்பெனி வேலையை விட்டு நிறுத்தியதிலிருந்து ஆரம்பித்தேன். வழக்கமாக அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். பெயின்டுக்கு வந்தபோது அவர் கையை நீட்டினார்.

"ஸ்பானர் இருக்கா?"

கொடுத்தேன். பல்சக்கரத்தின் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் கம்பெனியின் அலட்சியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நாக்கைத் தாங்கும் முளையை உருவி, நாக்கை வெளியே எடுத்து, கிரீஸைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். புத்தம் புதிது மாதிரி இருந்தது. விரிசல் இல்லை. தேய்மானம் இல்லை.

"நல்ல நாக்கு. ஒரு குறையும் இல்ல" என்றார். "இந்தக் கொக்கி மாதிரி வளைஞ்ச பக்கம் கீழ இருக்கணும். பல்லைப் பிடிக்கறது அதுதான். இது மேல இருந்துது. தலைகீழா மாட்டியிருக்காங்க. முன்னால சுத்தும்போது டக் டக்னு சத்தம் சரியாவே வரும், அதனால ஒருத்தரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. பின்னால சுத்தினா வழுக்கும். எடை ஏத்திப் பார்த்தது நல்லதாப் போச்சு."

"அதைத்தான் நானும் அன்னிக்கே..." என்று ஆரம்பித்தேன்.

"வேலைப் பதிவேடு எழுதறீங்களா? எந்த வேலையை யார் செஞ்சாங்கன்னு?"

"எழுதுவோம்."

"நாக்கைக் கடைசியாக் கழட்டினது எப்போன்னு பார்க்கணும்."

பதிவேடு ஆணியில் தொங்கியது. நான் எடுக்கவில்லை. மைத்தே எடுத்தாள். நின்றபடியே பக்கங்களைப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்து, படிக்காமல் அவரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"உங்க பேரை எப்படி எழுதணும்?" என்று என்னைக் கேட்டார்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி நாக்கைக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப மாட்டியவன் நான்.